வட்டங்கள் பொருந்தாதபோது: தொடைப் படங்களின் கோளாறுகள், அறிகுறி வாரியாக

நுவரெலியாவில் ஒரு தோட்டம், கொத்மலையில் ஒன்று, இரத்தினபுரிப் பக்கம் ஒன்று. மூன்று இடத்துத் தேயிலை மண்ணையும் எடுத்து, அதிலுள்ள பற்றீரியாக்களின் 16எஸ் வரிசைகளை (எந்தப் பற்றீரியா என்று அடையாளம் காண உதவும் ஜீனின் எழுத்து வரிசைகளை) படித்து, எது பொது, எது தனி என்று காட்ட வேண்டும். 1,200 மீற்றருக்கு மேல் உயர்நிலம், 600க்குக் கீழே தாழ்நிலம், இடைப்பட்டது மத்தியநிலம் என்று தேயிலைத் தொழில் ஏற்கெனவே பிரித்து வைத்திருப்பதால் மூன்று தொடைகள் (கணங்கள்) ஆயத்தமாகவே கிடைத்துவிடுகின்றன. சாதாரண தரக் கணிதத்தில் வரைந்த அதே வென் வரிப்படம்தான், எண்கள் மட்டும் பெரிது. அதனாலேயே எல்லோரும் இதை இலகு என்று ஒதுக்கி வைத்து, ஆய்வறிக்கை ஒப்படைக்கும் வாரத்தில்தான் வரைய உட்காருகிறார்கள்.

பிள்ளைகள் வந்து சொல்லும் முறைப்பாடுகளையே கீழே தலைப்புகளாக வைத்திருக்கிறேன். படம் வரையும் கணினி நிரலில் பிழை இருப்பது அபூர்வம். எந்த இரண்டு பெயர்களைக் கணினி ஒன்றென்று எடுக்கிறது, எதை நீங்கள் "இருக்கிறது" என்று கணக்கில் சேர்க்கிறீர்கள் என்ற இரண்டு இடங்களில்தான் கோளாறு ஒளிந்திருக்கும். ஆகவே அறிகுறி எதுவானாலும் முதலில் ஒவ்வொரு தொடைக்கும் இரண்டு எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: பட்டியலின் நீளம், திரும்ப வந்தவற்றை நீக்கிய பின் நீளம். அதோடு எல்லாத் தொடைகளின் ஒன்றிப்பிலும் எத்தனை மூலகங்கள் என்பதையும் எழுதுங்கள். இந்த எண்கள் கையில் இல்லாமல் படத்தை உற்றுப் பார்ப்பதில் பயனில்லை.

"அக்கா, வட்டம் ஒன்னோட ஒன்னு ஒட்டவே மாட்டேங்குது"

இடைவெட்டு பூச்சியம், அல்லது நம்ப முடியாத அளவு சிறிது. ஒரே பயிர், ஒரே வகை மண், ஆனாலும் பொதுவாக ஒன்றுகூட இல்லை என்று படம் சொல்கிறது. அப்படியென்றால் பெயர்கள் பொருந்தவில்லை.

ஒவ்வொரு தொடையையும் அகர வரிசைப்படுத்தி முதல் பத்துப் பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். பாதிப் பிழை கண்ணிலேயே பட்டுவிடும். ஒன்றில் பெரிய எழுத்து, மற்றதில் சிறிய எழுத்து. ஒன்றில் ஜீன் எண்ணுக்குப் பின்னால் புள்ளி போட்டுப் பதிப்பு எண், மற்றதில் இல்லை. என்செம்பிள் என்ற ஜீன் தரவுத்தளத்தின் எண்களில் இது வழமை. புள்ளியையும் அதற்குப் பின்னால் உள்ளதையும் வெட்டிவிட்டால் சரி. தேயிலை ஜீன்களில் விவகாரம் கொஞ்சம் கடினம். ஒரு மரபணுத்தொகைத் தொகுப்பில் எண்கள் டீ-ஈ-ஏ என்று தொடங்கும், இன்னொன்றில் சி-எஸ்-எஸ் என்று தொடங்கும். வெட்டியும் ஒட்டியும் இவற்றைப் பொருத்த முடியாது. வரிசைகளை ஒப்பிட்டுத் தயாரித்த மாற்று அட்டவணை வேண்டும். அதைவிட நல்லது, எல்லா மாதிரிகளையும் ஒரே தொகுப்புக்கு எதிராக மீண்டும் ஓட்டுவது.

கண்ணில் படாத மீதிப் பாதிதான் ஆளைக் கொல்லும். பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் இடைவெளி. எக்செல்லில் இருந்து வெட்டி ஒட்டும்போது வரும் பிரியா இடைவெளி; சாதாரண இடைவெளியை நீக்கும் கட்டளை அதைத் தொடாமல் விட்டுவிடலாம். சந்தேகம் வந்தால் ஒவ்வொரு பெயருக்கும் எத்தனை எழுத்துகள் என்று எண்ணச் சொல்லுங்கள். கண்ணுக்கு ஒன்பது எழுத்து, கணினிக்குப் பத்து என்றால் திருடன் அகப்பட்டான்.

இடப் பெயர்களைத் தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. கொத்மலையின் "கொ" வை யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாக, அல்லது முன்கொம்பும் பின்காலும் தனித்தனி இரண்டு குறியீடுகளாக. திரையில் இரண்டும் அச்சொட்டாக ஒன்றுதான். ஆர் (R) என்ற நிரல்மொழியில் சமமா என்று கேட்டால் இல்லை என்று வரும். அதன் ஸ்டிரிங்ஐ (stringi) என்ற துணைப் பொதியில் என்எஃப்சி (NFC) முறையில் சீராக்கும் கட்டளை இருக்கிறது. பட்டியலைப் படித்தவுடன் அதை ஒரு தடவை ஓட்டிவிடுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் தப்பலாம் என்றும் இல்லை. தலவாக்கலையை ஆங்கிலத்தில் ஓர் எல் போட்டும் எழுதுகிறார்கள், இரண்டு எல் போட்டும் எழுதுகிறார்கள்; இரண்டும் ஒரே கோப்பில் இருப்பதைப் பார்க்கலாம். "டி.ஆர்.ஐ. 2025" என்ற தேயிலை இனத்தைப் புள்ளியோடும் புள்ளியில்லாமலும் இடைவெளியோடும் எழுதினால் கணினிக்கு அவை மூன்று இனங்கள்.

மனித ஜீன்களோடு வேலை செய்பவர்கள் எக்செல்லைத் தனியாகக் கவனியுங்கள். செப்ட், மார்ச் என்று தொடங்கும் ஜீன் பெயர்களை அது திகதியாக மாற்றிவிடும். பெயரிடும் குழுவே 2020 இல் இந்த ஜீன்களின் பெயர்களை மாற்ற வேண்டி வந்தது என்றால் தொல்லை எவ்வளவு என்று யோசியுங்கள். பழைய கோப்பில் ஜீன் பட்டியலின் நடுவே "1-செப்" என்று கண்டால் அந்தக் கோப்பைத் திருத்தப் பார்க்காதீர்கள். மூலக் கோப்புக்குத் திரும்புங்கள்.

"எல்லாமே பொதுவா வருது"

இதை ஒருவரும் முறைப்பாடாகச் சொல்வதில்லை. சந்தோசமாகச் சொல்வார்கள். நுவரெலியா மண்ணும் இரத்தினபுரி மண்ணும் 90 வீதம் ஒன்று என்று வந்தால் அதை வைத்து ஒரு கதையும் எழுதிவிடுவார்கள். எனக்கு இதுதான் பூச்சிய இடைவெட்டைவிடப் பயம். பூச்சியம் வந்தால் ஆராவது கேள்வி கேட்பார்கள்.

முதல் கேள்வி: மூன்று இடத்துத் தரவையும் தனித்தனியாக ஓட்டினீர்களா? 97 வீத ஒற்றுமையில் வரிசைகளைக் கொத்தாக்கும் பழைய முறையில், கொத்துகளுக்கு ஓடியூ 1, ஓடியூ 2 என்று பெயர் விழும். தனித்தனி ஓட்டங்களில் நுவரெலியாவின் ஓடியூ 1 ஒரு பற்றீரியா, இரத்தினபுரியின் ஓடியூ 1 வேறொன்று. பெயர் மட்டும் ஒன்று. கணினி பெயரைத்தானே பார்க்கிறது! எல்லா மாதிரிகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கொத்தாக்க வேண்டும். அல்லது 2016 இல் வந்த டாடா2 போன்ற முறையில் திருத்திய வரிசையையே பெயராக வையுங்கள். அப்போது தனித்தனி ஓட்டங்களையும் ஒப்பிடலாம், ஆனால் ஒரே முதன்மி (வரிசையின் எந்தப் பகுதியைப் பெருக்குவது என்று தீர்மானிக்கும் பிரைமர்), ஒரே வெட்டு நீளம் இருக்க வேண்டும். ஒன்றை 240 எழுத்திலும் மற்றதை 230 எழுத்திலும் வெட்டினால் ஒரே பற்றீரியாவுக்கு இரண்டு வரிசைகள் கிடைக்கும். நீங்கள் மேலேயுள்ள முதல் அறிகுறிக்குத் திரும்பிப் போவீர்கள்.

இரண்டாவது, தொடையை எங்கிருந்து எடுத்தீர்கள்? எண்ணிக்கை அட்டவணையின் வரிப் பெயர்களை அப்படியே எடுத்தால் எண்ணிக்கை 0 ஆக இருப்பவையும் உள்ளே வந்துவிடும், எல்லாத் தொடைகளும் ஒன்றாகும். மூன்றாவது, மண்ணை விட்டு வேரிலோ இலையிலோ மாதிரி எடுத்தவர்கள், பச்சையவுருமணி, இழைமணி வரிசைகளை நீக்கினீர்களா? பச்சையவுருமணியின் 16எஸ் வரிசை சயனோபற்றீரியா என்ற பெயரில் உட்கார்ந்திருக்கும். எல்லா இலையிலும் அது இருக்கும், எல்லாத் தொடைக்கும் அது பொது. அது பற்றீரியாவே அல்ல, தேயிலைச் செடி.

"நடுவுல ஒன்னே ஒன்னு மட்டும் பொதுவா இருக்கு"

வெற்று எழுத்துச்சரம். எக்செல்லில் பக்கத்தில் பக்கத்தில் மூன்று நிரல்கள், நீளம் வேறு வேறு, அருகில் இவற்றைவிட நீளமான இன்னொரு நிரலும் இருக்கும். கோப்பைப் படிக்கும்போது குறைந்த நிரல்களின் அடியில் உள்ள வெற்றுக் கட்டங்களும் மூலகமாக ஏறுகின்றன. எத்தனை வெற்றுக் கட்டம் இருந்தாலும் தொடையில் அது ஒன்றுதான். வெற்றையும் என்ஏ (NA, தரவு இல்லை என்ற குறி) என்பதையும் நீக்கினால் முடிந்தது. இந்தப் பிழை இருக்கும்போது மற்ற எண்களும் ஒன்றால் பிசகும் என்பதை மறக்க வேண்டாம்.

"கூட்டினா கணக்கு சரி வருதில்ல"

மாதிரிக்கு எண்கள் வைத்துக்கொள்வோம். உயர்நிலத்தில் 120 வகை, மத்தியநிலத்தில் 95, தாழ்நிலத்தில் 60. உயர்நிலமும் மத்தியநிலமும் பகிர்வது 50. மத்தியும் தாழ்வும் 30. உயர்வும் தாழ்வும் 25. மூன்றுக்கும் பொது 20.

வென் வரிப்படத்தில் உயர்நிலமும் மத்தியநிலமும் மட்டும் சேரும் கட்டத்தில் 50 என்று எழுதினால் பிழை. அந்த 50க்குள் மூன்றுக்கும் பொதுவான 20 இருக்கிறது, ஆகவே 30. அதேபோல மத்தி–தாழ்வு மட்டும் 10, உயர்வு–தாழ்வு மட்டும் 5. தனி உயர்நிலம் 120இல் இருந்து 20, 30, 5 போக 65. தனி மத்தி 35, தனி தாழ்வு 25. ஏழு கட்டங்களையும் கூட்டுங்கள்: 190. ஒன்றிப்பும் 190தான் வர வேண்டும்: 120, 95, 60 கூட்டினால் 275, அதில் 50, 30, 25 கழித்து 20 கூட்டுங்கள்.

இரண்டு விதமான எண்ணுதல் இங்கே குழம்புகிறது. "இந்த இரண்டில் மட்டும் உள்ளவை" ஒன்று, "இந்த இரண்டிலும் உள்ளவை, மூன்றாவதில் இருந்தாலும் பரவாயில்லை" மற்றது. ஆர் மொழியின் காம்ப்ளெக்ஸ்ஹீட்மேப் பொதி இதை வெளிப்படையாகவே கேட்கும்: டிஸ்டிங்ட், இன்டர்செக்ட், யூனியன் என்று மூன்று முறைகள், வழமை டிஸ்டிங்ட். மற்றப் பொதிகள் கேட்காமலே ஒன்றை எடுத்துக்கொள்ளும். இரண்டும் சரியான கேள்விகள்தான். ஆனால் எதை எண்ணினீர்கள் என்று படத்தின் கீழே ஒரு வரி எழுதாவிட்டால் வாசிப்பவர் தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்வார். மேற்பார்வையாளர் நிச்சயம் மற்றதைத்தான் எடுப்பார்.

"அஞ்சு தோட்டம் போட்டதும் படம் வாழைப்பழக் குலை மாதிரி ஆயிடுச்சு"

வாழைப்பழம் என்று சொல்வது வேடிக்கைக்கு அல்ல. 2012 இல் வாழையின் மரபணுத்தொகை வெளிவந்தபோது ஆறு தாவரங்களின் ஜீன் குடும்பங்களை ஒப்பிட்ட வென் வரிப்படத்தை வாழைப்பழ வடிவிலேயே வரைந்திருந்தார்கள். பார்க்க அழகு. எந்தக் கட்டம் எந்த ஆறில் எதைச் சேர்ந்தது என்று விரல் வைத்துப் பின்தொடர்ந்து பாருங்கள், தலை சுற்றும்.

தொடை மூன்று என்றால் கட்டம் 7, நான்கு என்றால் 15, ஐந்துக்கு 31, ஆறுக்கு 63. வட்டங்களால் நான்கு தொடைகளுக்கே முழு வென் வரிப்படம் வரைய முடியாது. நான்கு வட்டம் தளத்தை அதிகபட்சம் 14 பகுதிகளாகத்தான் பிரிக்கும், தேவை வெளிப்புறத்தோடு 16. அதனால்தான் நான்குக்கு நீள்வட்டம். என் எல்லை நான்கு. மூன்றே இருந்தாலும் பரப்பளவை எண்ணுக்கு ஏற்ப வரையக் கேட்டால் கவனம்: வட்டங்களால் எல்லா எண்களுக்கும் சரியான பரப்பளவு வராது. ஆய்லர்ஆர் பொதி எவ்வளவு பிசகியது என்று மிச்சங்களைக் காட்டும். அந்த எண் பெரிதாக இருந்தால் நீள்வட்டம் கேளுங்கள், அதுவும் சரிவராவிட்டால் விகிதத்தை விட்டுவிடுங்கள்.

நான்குக்கு மேல் போனால் அப்செட் (UpSet) படம். 2014 இல் அலெக்சாண்டர் லெக்ஸும் கூட்டாளிகளும் வெளியிட்டது. கீழே புள்ளிகளின் கட்டம்: ஒவ்வொரு வரியும் ஒரு தொடை, ஒவ்வொரு நிரலும் ஓர் இடைவெட்டு. நிரப்பிய புள்ளிகள் எந்தத் தொடைகள் என்று சொல்லும், மேலே நிற்கும் பட்டை எத்தனை என்று சொல்லும். கண்ணுக்கு நீளத்தை ஒப்பிடுவது பரப்பளவை ஒப்பிடுவதைவிட லேசு.

"ஆறாவது தோட்டத்தக் காணோம்"

அப்செட்ஆர் பொதியில் என்செட்ஸ் என்ற அளவு சொல்லாவிட்டால் 5. பெரிய ஐந்து தொடைகளை எடுத்துக்கொண்டு சிறியதைப் பேசாமல் விட்டுவிடும், எச்சரிக்கைகூட வராது. தோட்டம் காணாமல் போவது மட்டும் பிரச்சினை அல்ல. ஆறாவதோடு பகிர்ந்தவை எல்லாம் இப்போது "தனி" என்று மற்றவற்றின் பட்டைகளில் ஏறியிருக்கும். மீதி எண்களும் பிழை. என்செட்ஸ் 6 என்று எழுதுங்கள். என்இன்டர்செக்ட்ஸ் வழமையில் 40. அதற்கு மேல் உள்ள இடைவெட்டுகள் வெட்டப்படும். அதை என்ஏ ஆக்கினால் எல்லாம் வரும்.

அதே பொதியில் சில்லறைத் தொல்லைகள்: பிடிஎஃப் கோப்பில் முதல் பக்கம் வெறுமையாக வந்தால் ஒன்ஃபைல் என்பதை ஃபோல்ஸ் ஆக்குங்கள். சுற்றுக்குள்ளோ செயற்கூற்றுக்குள்ளோ ஓட்டினால் படம் வராது, பிரிண்ட் போட வேண்டும். டிபில் வகை அட்டவணையில் வழு வந்தால் சாதாரண டேட்டாஃப்ரேம் ஆக்கிவிட்டு ஓட்டுங்கள். ட்ரூ, ஃபோல்ஸ் நிரல்களை 1, 0 ஆக மாற்றிக் கொடுங்கள்.

"நுவரெலியாவுல மட்டும் தனி வகை குவிஞ்சு கிடக்கு"

உயரத்தில் குளிர், அமில மண், ஆகவே தனித்துவமான பற்றீரியாக்கள் என்று எழுதத் தொடங்குமுன் ஒவ்வொரு மாதிரிக்கும் எத்தனை வரிசைகள் படிக்கப்பட்டன என்று பாருங்கள். நுவரெலியாவுக்கு 90,000, மற்ற இரண்டுக்கும் 20,000 என்று இருந்தால் விடை அங்கேயே இருக்கிறது. அதிகம் தோண்டிய இடத்தில் அரியவை அதிகம் அகப்படும். எல்லாவற்றையும் சம ஆழத்துக்குக் குறைத்து மீண்டும் எண்ணுங்கள். அதோடு "இருக்கிறது" என்பதற்கு வெட்டுப்புள்ளி வையுங்கள். ஒரே ஒரு வரிசை வந்ததையும் இருப்பதாக எண்ணினால், பக்கத்து மாதிரியில் இருந்து தவறிக் கசிந்ததும் வகையாகிவிடும். 1, 5, 10 என்று மூன்று வெட்டுப்புள்ளிகளில் வரைந்து பாருங்கள். பட்டைகளின் ஒழுங்கு தலைகீழாக மாறினால் அந்தப் படத்தை வைத்து ஒரு முடிவும் எழுதாதீர்கள்.

"இந்த ஜீன் இந்த இனத்துக்கு மட்டும் உரியதுன்னு எழுதலாமா?"

மண்ணை விட்டு இலைக்கு வருவோம். கொப்புள நோய் 1946 இல் இலங்கைத் தேயிலைக்கு வந்தது. நோய் தொற்றிய இலையில் எந்த ஜீன்கள் கூடின, குறைந்தன என்று இரண்டு தேயிலை இனங்களில் பார்த்து, இரண்டு பட்டியல்களையும் வட்டத்தில் போடுகிறார்கள். ஒரு வட்டத்தில் மட்டும் விழுந்த ஜீன்கள் "இனத்துக்கே உரியவை" ஆகிவிடுகின்றன.

ஒரு ஜீனை எடுங்கள். முதல் இனத்தில் திருத்திய பி-பெறுமானம் (மாற்றம் தற்செயலா என்று சோதிக்கும் எண்; சிறிதாக இருந்தால் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம்) 0.049, இரண்டாவதில் 0.051. முதல் வட்டத்தில் இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. அந்த இரண்டு எண்களுக்கிடையே உயிரியல் ஒன்றும் இல்லை, 0.05 என்ற வழமையான வெட்டுக்கோடு மட்டும்தான் இருக்கிறது. இரண்டு இனங்களும் வேறுபடுகின்றனவா என்று கேட்க வேண்டுமானால் அதை நேராகச் சோதிக்க வேண்டும்: இனமும் தொற்றும் ஒன்றோடொன்று இடைவினை புரிகிறதா என்ற உறுப்பைப் புள்ளிவிவர மாதிரியுருவில் (மொடலில்) சேருங்கள். படம் வேண்டும் என்றால் ஓர் இனத்தின் மாற்றத்தை ஓர் அச்சிலும் மற்றதை மறு அச்சிலும் வைத்துப் புள்ளியிட்டுப் பாருங்கள். மூலைவிட்டத்தின் மேல் கிடக்கும் எத்தனை "தனி" ஜீன்கள் என்று தெரியும்.

பொதுக் கட்டத்திலும் பொறி உண்டு. ஒரு ஜீன் ஓர் இனத்தில் கூடியிருக்கும், மற்றதில் குறைந்திருக்கும். பெயர் ஒன்று என்பதால் இடைவெட்டில் விழும். கூடியவை, குறைந்தவை என்று இனத்துக்கு இரண்டாக நான்கு தொடைகள் வையுங்கள். கூடியதும் குறைந்ததும் வெட்டும் கட்டம்தான் பல நேரம் சுவாரசியமானது.

"இடைவெட்டு தற்செயல் இல்லைன்னு நிரூபிக்கணும், பி-பெறுமானம் பயங்கரச் சின்னதா வருது"

அகிலத் தொடை எது, அதாவது இரண்டு பட்டியல்களும் எந்த முழுத் தொகுதியில் இருந்து வந்தன? முழு மரபணுத்தொகையா? தேயிலையில் 30,000க்கு மேற்பட்ட ஜீன்கள். கணக்குக்கு 32,000 என்று வையுங்கள். ஒரு பட்டியலில் 1,000, மற்றதில் 800. குருட்டாம்போக்கில் எடுத்தாலே 1,000 ஐ 800 ஆல் பெருக்கி 32,000 ஆல் வகுத்து 25 பொதுவாக வரும். உங்களுக்கு வந்தது 48. கிட்டத்தட்ட இரட்டிப்பு.

ஆனால் இலையில் வெளிப்பட்டு, சோதனைக்கே உள்ளானவை 16,000 மட்டும் என்றால்? எதிர்பார்ப்பு 50. உங்கள் 48 தற்செயலுக்குக் கொஞ்சம் கீழே. இலையில் வாயே திறக்காத வேர் ஜீன்களை அகிலத் தொடையில் சேர்த்ததால் வந்த "கண்டுபிடிப்பு" அது. இரண்டு சோதனைகளிலும் உண்மையில் சோதிக்கப்பட்ட ஜீன்களே அகிலம். அந்த எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள். எழுதாத பி-பெறுமானத்தை நான் வாசிப்பதில்லை.

"தமிழ்ல பேர் போட்டா பெட்டி பெட்டியா வருது"

ஆர் மொழியின் சாதாரண பிடிஎஃப் கருவிக்குத் தமிழ் தெரியாது. கைரோ-பிடிஎஃப் அல்லது ராக் பொதியைப் பாவித்து, நோட்டோ சான்ஸ் தமிழ், லதா, நிர்மலா போன்ற எழுத்துரு ஒன்றைப் பெயர் சொல்லிக் கொடுங்கள். பெட்டி போய் எழுத்து வந்தும் "கொழுந்து" என்பதில் முன்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றால், எழுத்துரு இருக்கிறது, எழுத்துகளைக் கோக்கும் இயந்திரம் இல்லை என்று அர்த்தம். பைதனின் மேட்பிளாட்லிப்பின் பழைய பதிப்புகளில் இது வழமை. அங்கே படத்தை எழுத்தில்லாமல் வரைந்து, இங்க்ஸ்கேப் என்ற வரைதல் மென்பொருளில் பெயர்களைத் தட்டச்சிடுவது குறுக்குவழி.

பெட்டிக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக் குப்பை வந்தால் அது பாமினி, யுனிகோடுக்கு முந்திய தமிழ் எழுத்துரு. பழைய பெயர்ப் பட்டியல்களில் பாதி இன்னும் அந்த எழுத்துருவில்தான் கிடக்கின்றன. உள்ளே இருப்பது ஆங்கிலக் குறியீடுகள், மேலே போர்த்தியது தமிழ் வடிவம். படத்திலும் பாமினி எழுத்துருவைப் போட்டுச் சமாளிக்காதீர்கள். அப்படிச் செய்தால் கண்ணுக்குச் சரியாகத் தெரியும், ஆனால் யுனிகோடில் எழுதிய மற்றப் பட்டியலோடு ஒரு பெயர்கூடப் பொருந்தாது, இடைவெட்டு மறுபடியும் பூச்சியம். மாற்றியில் போட்டு யுனிகோடாக்கி, வரிக்கு வரி ஒரு தடவை வாசித்துச் சரிபார்த்த பிறகே ஆர் மொழிக்குள் கொண்டுவாருங்கள்.